இடது காலின் உள்விளிம்பு

ஸ்கேட்டுக்குச் சாணை பிடிக்கிறவனுக்குச் சங்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான். எங்கள் ஊர் கார்வின் மில்ஸில் காகித ஆலைக்காரனுக்குச் சங்கம் உண்டு, மரலாரி ஓட்டுகிறவனுக்கு உண்டு, பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு உண்டு. அந்த வருஷம் எங்கள் ஐஸ் ஹாக்கிப் பையன்களும் ஒன்று ஆரம்பித்துக்கொண்டார்கள். வாசில் என்கிற எனக்கு மட்டும் எதுவும் இல்லை. அரங்கத்தின் பின்வாசலை ஒட்டி ஓர் அறை, அதில் ஒரு சாணை எந்திரம், ஒரு தையல் எந்திரம், பத்தொன்பது பேரின் வியர்வை நாற்றம். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் என் ராஜ்ஜியம்.

பையன்களுக்குச் சம்பளம் வாரம் முந்நூற்றைம்பது டாலர். அதுவும் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். கோடையில் ஒருவன் கூரை வேய்வான், ஒருவன் பீர் லாரியில் பெட்டி சுமப்பான். டி.வி.யில் வருகிற பெரிய அணிக்காரர்களைப் பார்த்துவிட்டு, ஹாக்கி ஆடுகிறவன் வீட்டில் பணம் காய்க்கும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. இதையெல்லாம் பையன்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் போனது ஆர்னியின் முழங்கால்.

நவம்பரில் ஓர் ஆட்டத்தில் ஆர்னிக்கு முழங்கால் பிய்ந்தது. அடிபட்டவனுக்கு இரண்டு வாரம் சம்பளம், அப்புறம் கிடையாது என்பது அப்போதைய ஒப்பந்தம். பதினைந்தாம் நாள் காலையில் முதலாளி ஸ்டான்ஹோப் எனக்குப் போன் செய்தார். பெரிய தெருவில் கார் விற்கிறவர். "ஆர்னியோட பேர்ப்பலகையக் கழட்டிரு வாசில்" என்றார். திருப்புளியை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போய், அவன் இடத்துக்கு மேலே இருந்ததைக் கழற்றினேன். நாலு திருகாணி. பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவன்கூட வாய் திறக்கவில்லை. நானும்தான் திறக்கவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் ஸ்ட்ரைக். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: அடிபட்டவனுக்கு ஆறுகிற வரைக்கும் சம்பளம். "ஓடாத காருக்கு நான் பெட்ரோல் போடணுமா?" என்று கேட்டாராம் ஸ்டான்ஹோப்.

அணித்தலைவன் லோர்ன் டெசியே. வயது முப்பத்தொன்று, முன்பல் மூன்று கிடையாது. பத்து வருஷமாக அவன் ஸ்கேட்டுக்கு என் கைதான். அவன் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. என் பெண்டாட்டி ஓல்கா போய்ச் சேர்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு அங்கேதான். அவன் மனைவி மார்லீன் வாரத்தில் மூன்று காலை ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். மூன்று வயதில் ஒரு பெண், டினா. அந்த வீட்டில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

ஸ்ட்ரைக்கின் முதல் நாள் காலை எட்டு மணிக்கு, மைனஸ் முப்பது குளிரில், சாப்பாட்டு டப்பாவோடு அரங்கத்து வாசலில் போய் நின்றேன். எண்ணெய்ப் பீப்பாயில் நெருப்புப் போட்டுச் சுற்றி நின்றிருந்தார்கள் பையன்கள். ஆலைக்காரர்கள் விறகு கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். மார்லீன் பெரிய பானையில் பட்டாணி சூப்போடு நின்றாள். ஆலைப் பக்கமிருந்து வழக்கமான அழுகின முட்டை வாசனை.

"போ பெருசு, உள்ள போ," என்றான் லோர்ன். "நீ உள்ள இருந்தாத்தான் எங்க ஸ்கேட்டு துருப்பிடிக்காம இருக்கும்."

"எனக்கு ஒரு மாதிரியா இருக்குடா. நீங்க எல்லாம் வெளிய நிக்கிறீங்க."

"நீயும் வெளிய நின்னா உனக்கு யாரு சோறு போடுறது? மார்லீன் இப்பவே சூப்புல தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கா."

"அது தண்ணி இல்ல, என் கண்ணீர்," என்றாள் மார்லீன் அகப்பையை ஆட்டிக்கொண்டே. "குடிக்கிறவங்க குடிங்க, நொட்டை சொல்றவங்க கப்பைக் கீழ வைங்க. வாசில், நீங்க ஒரு கப் வாங்கிட்டுப் போங்க. இந்தப் பயலுங்க பேச்சக் கேக்காதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சூப்பை வாங்கிக்கொண்டு அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். தினமும் அப்படித்தான் போனேன். ஒருவன்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலாம் வாரம் சிரிப்பு குறைந்துவிட்டது. மார்லீனின் சூப்பில் உப்புக்கண்டம் காணாமல் போய், உருளைக்கிழங்கும் காணாமல் போய், வெறும் பட்டாணி மிதந்தது. ஸ்ட்ரைக் முடிந்தால் வருகிறோம் என்று இரண்டு பையன்கள் ஊருக்கே போய்விட்டார்கள். அந்த வாரம்தான் ஸ்டான்ஹோப் மாற்று ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்.

பதினாறு பேர். நாற்பது மைல் தள்ளி ஒரு விடுதியில் தங்கவைத்து, திரை போட்ட பஸ்ஸில் கூட்டிவந்தார்கள். வெளியே "கருங்காலி! கருங்காலி!" என்று கூச்சல். யாரோ எறிந்த முட்டை பஸ் கண்ணாடியில் வழிந்து அப்படியே உறைந்துபோனது. யார் யார் என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் சட்டையில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். பயிற்சிக்குக்கூட முகத்தில் கம்பிவலை போட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள். ஸ்கேட்டுகள் ஒரு தொட்டியில் என் அறைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒட்டுநாடாவில் எழுதிய நம்பர்.

அன்று நான் வெளியே வரும்போது லோர்ன் கூப்பிட்டான்.

"பெருசு, அவனுங்களுக்கும் நீதான் சாணை பிடிக்கிறியா?"

"வேற யாரு பிடிப்பா? உன் மாமனாரா?"

"கொஞ்சம் மொட்டையாப் பிடிச்சுக் குடு. பொத்து பொத்துன்னு விழட்டும். ஜனங்க சிரிச்சாலே ஸ்டான்ஹோப் வழிக்கு வந்துருவான்."

பீப்பாயைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லோர்ன் விளையாட்டுக்குத்தான் சொன்னான், இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் அந்த வார்த்தை என்னோடு வீட்டுக்கு வந்தது. நாலு வாரமாகப் பையன்களைத் தாண்டிப் போய் ஸ்டான்ஹோப்பின் சம்பளத்தை வாங்கிக்கொண்டிருக்கிறேனே, அவர்களுக்காக ஒரு துரும்பையாவது கிள்ளிப்போட்டேனா என்று உறுத்தியது. ஆர்னியின் பலகையைக் கழற்றிய கை இது.

ஸ்கேட்டின் அடி இரும்பு கத்தி மாதிரி அல்ல. நடுவில் ஒரு பள்ளம் ஓடும், அதன் இரண்டு கரையும் விளிம்பு. ஆட்டக்காரன் திரும்புவது, நிற்பது, உந்துவது எல்லாம் உள்விளிம்பில்தான். சாணை பிடித்தது சரியா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் இழுத்துப் பார்க்கவேண்டும், வெள்ளைத் துருவல் வந்தால் சரி. ஆனால் எங்கள் அரங்கத்தில் எந்த ஆட்டக்காரனும் அப்படிப் பார்த்தது கிடையாது. சாணைக்காரன் கொடுத்ததை வாங்கினோமா, காலில் கட்டினோமா என்று இருக்கவேண்டும். நகத்தில் தேய்த்துப் பார்ப்பது சாணைக்காரனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். புதுப்பையன் எவனாவது பார்த்துவிட்டால் லோர்ன் அவன் பிடரியில் ஒன்று போடுவான்.

வெள்ளிக்கிழமை என் அறைக் கதவின் சின்னக் கண்ணாடி வழியாக அவர்கள் பயிற்சியைப் பார்த்தேன். பதினைந்து பேர் பரவாயில்லை ரகம். இருபத்தேழாம் நம்பர் வேறு. கோல் வலைக்குப் பின்னால் வளையும்போது தோளைத் தாழ்த்தி, ஒரு காலிலேயே சாய்ந்து, பந்துக்குப் பதிலாக இருக்கிற ரப்பர் வட்டை விடாமல் சுற்றிக்கொண்டு வந்தான். இவன் ஒருத்தன் போதுமே, ஜனங்கள் டிக்கெட் வாங்கிவிடுவார்களே, லோர்ன் வெளியே நின்று விறைத்துச் சாகவேண்டியதுதானே என்று நினைத்தேன்.

பதினைந்து ஜோடிக்கும் ஒழுங்காகவே சாணை பிடித்தேன். மோசமாகப் பிடிக்கக் கை வரவில்லை. இருபத்தேழுக்கும் ஒழுங்காகவே பிடித்தேன். பிடித்து முடித்தபிறகு, முரட்டுக் கல்லை எடுத்து, இடது ஸ்கேட்டின் உள்விளிம்பில் மட்டும் மூன்று இழுப்பு இழுத்தேன். பார்த்தால் தெரியாது. ஒரு தடவை வழுக்கிக் குண்டி அடிபட விழுவான், ஜனங்கள் சிரிப்பார்கள், போய்ப் பெஞ்சில் உட்காருவான். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை. அதற்கு மேல் நினைக்காததுதான் என் குற்றம்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். மாற்று ஆட்டக்காரர்கள் வந்து ஸ்கேட்டை வாங்கிக்கொண்டார்கள். புதுச் சாணைக்காரனை நம்பலாமா என்று ஒவ்வொருவனும் என் முன்னாலேயே நகத்தைத் தேய்த்துப் பார்த்தான். எனக்குக் கோபம் வரவில்லை, கருங்காலிகளுக்கு என்ன மரியாதை தெரியும் என்று இருந்துவிட்டேன். இருபத்தேழு மட்டும் பார்க்கவில்லை. வாங்கினான், அங்கேயே குனிந்து கட்டினான். போகும்போது கம்பிவலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லாமல் போய்விட்டான்.

அப்போதே கூப்பிட்டிருக்கவேண்டும். நகத்தில் பார்க்காத ஒருவன் எங்கள் அரங்கத்தைத் தவிர வேறு எங்கே பழகியிருப்பான் என்று யோசித்திருக்கவேண்டும். நான் அடுத்த ஜோடியை எடுத்து நீட்டினேன்.

முதல் பகுதி முழுக்க அவன் விழவே இல்லை. வலது காலை வைத்தே சமாளித்தான், அப்படிப்பட்ட ஆட்டக்காரன். இரண்டாம் பகுதியில் வட்டைத் துரத்திக்கொண்டு முழு வேகத்தில் வலைக்குப் பின்னால் போய், இடது காலில் சாய்ந்தான். கால் பிடிக்கவில்லை. உட்கார்ந்த வாக்கில் கால் முன்னால் நீட்டிக்கொண்டு போய்ச் சுற்றுப்பலகையில் மோதினான். அந்தச் சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

நடைபாதைக்குத் தூக்கி வந்தார்கள். நர்ஸ் அம்மா, "வாசில், பூட்ஸ வெட்டணும், உங்ககிட்டதான் கத்தி இருக்கு" என்றாள். மண்டிபோட்டு உட்கார்ந்து தோலை வெட்டினேன். குதிகால் பக்கம் ஒரு செம்பு ரிவெட் ஆணி மின்னியது.

உலகத்தில் ஹாக்கி ஸ்கேட்டுக்குச் செம்பு ரிவெட் அடித்தவன் நான் ஒருவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், லோர்ன் தன் பழைய ஸ்கேட்டை மச்சானுக்குக் கொடுக்கும்போது, இரும்பு ரிவெட் தீர்ந்துபோனதால் குதிரைச் சேணத்துச் செம்பு ரிவெட்டை அடித்துக் கொடுத்தேன். "மச்சானுக்கு நகை போட்டு அனுப்புறியா பெருசு" என்று லோர்ன் கேலி செய்தான். அதே பூட்ஸை முந்தின நாள் கையில் தூக்கியிருக்கிறேன், கவ்வியில் இறுக்கியிருக்கிறேன். இரும்பை மட்டும் பார்த்தேன், பூட்ஸைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது ஓர் ஆளுடைய பூட்ஸாகிவிடும் என்று பயந்தேனோ என்னவோ.

தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். மார்லீனின் தம்பி டார்சி. இருபத்திரண்டு வயது. புதிதாகத் தாடி விட்டிருந்தான்.

"வாசில்... லோர்ன்கிட்ட சொல்லிராதீங்க," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "அக்காவ ஏசுவாரு."

"அக்காவ எதுக்குடா ஏசணும்?"

"அக்காதான் வரச் சொல்லுச்சு."

லோர்னிடம் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அரங்கத்துக்கு எதிர்த்த பீர்க்கடையில் பையன்கள் எல்லாரும் உள்ளூர் டி.வி.யில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விழுந்ததைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்த லோர்ன், ஆம்புலன்ஸில் ஏற்றும்போது முகத்தையும் பார்த்துவிட்டான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவனும் மார்லீனும் போட்ட சண்டையை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நீயா போன் பண்ணே?"

"ஆமா, நான்தான் பண்ணேன். என்னங்கிறே இப்ப?"

"நான் வெளிய நின்னு தொண்டை கிழியக் கத்துறேன். நீ கொல்லைப்பக்கமா ஆள் அனுப்புறியா?"

"டினாவுக்குப் பாலு யாரு வாங்குறது? உன் சங்கமா? இவன் பண்ணையில சாணி அள்ளிட்டு இருந்தான். முகத்த மூடிட்டுத்தான ஆடப்போறான், யாருக்கும் தெரியாது, பாதிச் சம்பளத்த உனக்குத் தர்றேன்க்கான்னான். நான் சரின்னேன். சூப்புல போட ஒரு எலும்பு இல்லாம நின்னு பாரு, அப்பத் தெரியும்."

"என் வீட்லயே கருங்காலி. ஊரு சிரிக்கப்போகுது."

"உள்ள என் தம்பி கெடக்கான் லோர்ன். கால் ரெண்டா ஒடிஞ்சு கெடக்கான். உனக்கு ஊரு சிரிக்கிறதுதான் பெருசா?"

லோர்ன் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். அன்றிலிருந்து என் வீட்டுப் பின்னறையில்தான் அவனுக்குப் படுக்கை.

கணுக்கால் மூட்டும் நொறுங்கியிருந்தது. நடப்பான், ஆனால் சம்பளத்துக்கு ஆடுகிற கால் இனி இது இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் ஸ்டான்ஹோப்பின் ஆள் ஆஸ்பத்திரிக்கு டார்சியின் பையைக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தான். மேலே ஒரு கடிதம்: உங்கள் சேவை இனித் தேவையில்லை. அந்தக் கடிதத்தை ஊர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் அப்படியே போட்டது. ஆலைக்காரர்கள் வருஷ டிக்கெட்டுகளைக் கார்க்கடை வாசலில் கொண்டுபோய்க் குவித்தார்கள். ஒன்பதாம் நாள் ஸ்டான்ஹோப் கையெழுத்துப் போட்டார். ஆட்டத்தில் அடிபட்ட எந்தச் சங்க உறுப்பினனுக்கும் ஆறுகிற வரை முழுச் சம்பளம்.

சங்க உறுப்பினனுக்கு. டார்சி உறுப்பினன் இல்லை. வெற்றி விருந்தில் நான் மெதுவாக அதைக் கேட்டபோது, "கருங்காலிக்கு எதுக்குப் பெருசு?" என்றான் ஒருவன். லோர்ன் பீரையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் என் முதுகில் தட்டி, எனக்கும் ஒரு பீர் வாங்கித் தந்தார்கள். அதைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்து வந்திருக்கலாம், குடித்தேன்.

லோர்ன் என்னோடு இருந்த அந்த நாலு வாரம் நரகம். ஓல்கா சொல்லிக்கொடுத்த மாதிரி முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் சுருட்டி வேகவைப்பேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் தின்போம். பேசினால் மார்லீனைத்தான் ஏசுவான்.

"அவ அந்த போனப் பண்ணாம இருந்திருந்தா அந்தப் பய இன்னைக்கு ரெண்டு காலோட மாடு மேய்ச்சுட்டு இருப்பான்."

"விடுடா. பச்சைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அவ என்ன செய்வா."

"அவதான் ஒடிச்சா. வேற யாரு ஒடிச்சா?"

இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டான். நானும் அவன் முகத்தைப் பார்க்கமாட்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். மறுபடி ஆட்டம் தொடங்கிய முதல் நாள், நான் கொடுத்த ஸ்கேட்டை வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, நகத்தை விளிம்பில் இழுத்துப் பார்த்தான். பத்து வருஷத்தில் முதல் தடவை. ஆனால் நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மார்ச் முதல் வாரம், ரொட்டி வாங்கப் போனேன். மார்லீன் மாவு படிந்த கையோடு அடுப்புப் பக்கமிருந்து வந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள்.

"சனிக்கிழமை மத்தியான பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேன் வாசில். டார்சியையும் டினாவையும் கூட்டிட்டு அப்பா பண்ணைக்கே போயிடுறேன்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"நாளெல்லாம் இல்ல. போயிடுறேன்." ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினாள். "லோர்ன் சொல்றது சரிதான். என் தம்பி கால நான்தான் ஒடிச்சேன். என் கையாலயே ஒடிச்சேன். ராத்திரி அவன் வலியில முனகுறப்ப என் காதப் பொத்திக்கிறேன் வாசில். ஒரு அக்கா செய்யிற வேலையா இது?"

சொல்ல அதுதான் சமயம். கடையில் வேறு யாரும் இல்லை. வாயைத் திறந்தேன். "கம்பு ரொட்டி ஒண்ணும் குடும்மா" என்றேன். அவள் கொடுத்தாள். வீட்டில் கம்பு ரொட்டி முழுதாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லோர்னை எழுப்பினேன்.

"கெளம்பு. உன் வீட்டுக்குப் போகணும்."

"நான் எதுக்கு? போறவ போகட்டும்."

"வாடான்னா வா."

என் குரலில் என்ன இருந்ததோ, கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். சமையலறையில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தன. முன்னறைச் சோபாவில் டார்சி மாவுக்கட்டுக் காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். டினா அந்த மாவுக்கட்டின்மேல் மெழுகுக் கலர்க் குச்சியால் மீன் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு இல்லை, வெறும் நிலைதான்.

"என்ன, வழியனுப்ப வந்தீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் மார்லீன்.

நான் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"மார்லீன், அவன் கால நீ ஒடிக்கல. நான் ஒடிச்சேன்."

"என்ன உளறுறீங்க?"

"உளறல. இடது ஸ்கேட்டோட உள்விளிம்ப மழுக்கிக் குடுத்தேன். வேணும்னேதான் செஞ்சேன். அது டார்சின்னு எனக்குத் தெரியாது. யாரா இருந்தா என்னன்னுதான் செஞ்சேன்."

அவள் லோர்னைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ ஏன் பேசாம நிக்கிறே? கேட்டியா இவரு சொன்னத?"

"கேட்டேன்."

"அவர் சட்டையப் பிடிக்காம ஏன் நிக்கிறே?"

லோர்ன் மெதுவாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "எனக்குத் தெரியும்," என்றான். "டி.வி.ல விழுந்தப்பவே தெரியும். விளிம்பு இல்லாத கால் அப்படித்தான் போகும். நான்தான் இவருகிட்ட சொன்னேன், மொட்டையாப் பிடிச்சுக் குடுன்னு. எல்லாரும் இருக்கறப்ப சொன்னேன். சிரிச்சோம்."

"தெரிஞ்சுகிட்டேவா..." மார்லீன் அவன் முன்னால் வந்து நின்றாள். "தெரிஞ்சுகிட்டேவா என்னை இத்தனை நாளா ஏசினே? நீதான் ஒடிச்சே, நீதான் ஒடிச்சேன்னு? அட பாவி! நான் சாகலாமான்னுகூட நெனச்சேனே லோர்ன்!"

கையிலிருந்த பாத்திரத் துணியால் அவன் தலையில், தோளில், முகத்தில் மாறி மாறி அடித்தாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. "அடி," என்றான். "உன்னை ஏசுற வரைக்கும் என்னை நானே ஏசிக்க வேண்டியிருக்கல. அதான்." அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். பல் போனபோதெல்லாம் சிரித்தவன்.

"வாசில்." முன்னறையிலிருந்து டார்சியின் குரல். "இங்க வாங்க."

அவன் இருந்ததையே மறந்திருந்தோம். போய் அவன் எதிரில் நின்றேன்.

"ரெண்டு ஸ்கேட்டையுமா கெடுத்தீங்க?"

"இல்ல தம்பி. இடது மட்டும்."

அவன் தன் மாவுக்கட்டைப் பார்த்தான். "முதல்லயே ஒரு மாதிரி வழுக்குச்சு. நகத்துல பாக்கலாமான்னு நெனச்சேன். உங்க சாணையச் சந்தேகப்படக் கூடாதுன்னு விட்டுட்டேன். என் கால்தான் சரியில்ல, பண்ணையில கெடந்து ஆட்டமே மறந்துபோச்சுன்னு நெனச்சேன். இத்தனை நாளும் அதத்தான் நெனச்சுட்டிருக்கேன். நான் இந்த ஆட்டத்துக்கே லாயக்கில்லாதவன்னு."

டினாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பதினாறு பேர்ல என்னை ஏன் பாத்தீங்க?"

"நீதான் நல்லா ஆடினே," என்றேன். "மத்தவன் எவனும் உன் பக்கத்துலகூட நிக்க முடியாது. உன்னை விட்டா ஜனங்க டிக்கெட் வாங்கிருவாங்கன்னு பயந்தேன். அதான் உன்னை."

அவன் சோபாவின் முதுகுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டினா, "மாமா, ஆடாதீங்க, மீன் கோணலாப் போகுது" என்றாள்.

பதினொன்றரைக்கு மார்லீன் பெட்டிகளில் இரண்டைப் பிரித்து டினாவின் துணிகளை வெளியே எடுத்துவைத்தாள். "எனக்காகத்தான் இருக்கேன், உனக்காக இல்ல" என்று மட்டும் லோர்னிடம் சொன்னாள். டார்சி போயே ஆகவேண்டும் என்றான். இந்த ஊரில் அவனுக்கு மூச்சு முட்டுகிறதாம். அவன் பையை லோர்ன் தோளில் மாட்டிக்கொண்டான். அணித்தலைவன் கருங்காலியின் பையைச் சுமந்துகொண்டு பெரிய தெருவில் நடுப்பகலில் நடந்தான். பஸ் நிற்கும் இடம் பீர்க்கடைக்கு நேர் எதிரே. சனிக்கிழமையாதலால் பையன்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவன் காறித் துப்பினான். அப்புறம் பை யார் தோளில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டார்சி பஸ் படியில் ஒரு கக்கத்துக் கட்டையை ஊன்றிவிட்டுத் திரும்பினான்.

"வாசில், வீட்ல சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத?"

"எல்லாத்தையும். அவங்களுக்குக் கேக்குற மாதிரி."

தெருவைப் பார்த்துத் திரும்பினேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஐம்பத்தாறு வயதுக் கிழவன் ஏலம் போடுகிற மாதிரி கத்திச் சொன்னேன். இவன் ஸ்கேட்டை நான் கெடுத்தேன். இடது கால், உள்விளிம்பு. பதினாறு பேரில் இவன்தான் நன்றாக ஆடினான், அதனால் கெடுத்தேன். நீங்கள் ஜெயித்து வாங்கின சம்பளம் இந்தக் கால் ஒடிந்ததால் வந்தது. என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. டார்சி தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஏறிப்போய் உட்கார்ந்தான். பஸ் போய்விட்டது.

ஸ்டான்ஹோப் என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அனுப்பவில்லை, அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைத்திருக்கமாட்டான். திங்கட்கிழமை காலை வழக்கம்போலப் பத்தொன்பது ஜோடிக்கும் சாணை பிடித்து வரிசையாக வைத்தேன். பையன்கள் வந்தார்கள். ஒவ்வொருவனும் தன்னுடையதை எடுத்து, என் கண் முன்னாலேயே, கட்டைவிரல் நகத்தை விளிம்பில் இழுத்துப் பார்த்து, வெள்ளைத் துருவலை ஊதிவிட்டுப் போனான். பதினெட்டுப் பேர்.

கடைசியாக லோர்ன் வந்தான். ஸ்கேட்டை எடுத்தான். பெஞ்சில் உட்கார்ந்து, பார்க்காமலே காலில் கட்டிக்கொண்டு போனான்.